வெறும் வயிறு

குளியலறையில் வழுக்கி விழுந்த சமாசாரத்தை மகனிடம் மறைத்துவிடத்தான் சௌந்தரவல்லி டீச்சர் நினைத்திருந்தாள். ஆனால் தீபாவளிக்கு வந்த கிச்சா, அம்மா இடது கையால் காபி ஆற்றுவதைப் பார்த்துவிட்டான். வலது மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. அன்றைக்கு ஆரம்பித்தது வம்பு.

கிச்சா என்கிற ஜெயகிருஷ்ணனுக்கு மதுரையில் பாங்கு வேலை. ஒரே பிள்ளை, பாசக்காரன். பாசக்காரப் பிள்ளைகள் எல்லாரையும் போலப் பிடிவாதக்காரனும்கூட. அறுபதைத் தாண்டிய வயசு, நாள்பட்ட சர்க்கரை வியாதி, அப்பா போனதிலிருந்து தனிக் குடித்தனம், போதாக்குறைக்குப் பாசி பிடித்த குளியலறை. இனி அம்மாவை மாமல்லபுரத்தில் விட்டுவைக்க முடியாது என்று ஒரே பிடியாக நின்றான். மதுரையில் மூன்றாவது மாடியில் வீடு, லிஃப்ட் உண்டு, மருமகள் தங்கமானவள். அதுதான் டீச்சருக்குச் சங்கடம். மருமகள் கொஞ்சம் முசுடாக இருந்திருந்தால் அதைச் சொல்லியாவது தப்பித்திருக்கலாம்.

பெருமாள் கோயிலுக்குப் பின்னால் அவள் வீடு. ஊராட்சிப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெறும் வரைக்கும் இந்த ஊரில்தான் பாடம் சொன்னாள். மீனவக் குப்பத்துப் பிள்ளைகளும் கல்தச்சர் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அவளிடம் குட்டு வாங்கியவர்கள். எந்தக் கடை வாசலில் நின்றாலும் அவளுக்கு ஒரு ஸ்டூல் வரும். எல்லாவற்றையும்விட, வீட்டுச் சாவி அவள் இடுப்பில் இருந்தது. கணவர் வேதாந்தத்தின் கூட்டுக் குடும்பத்துக்குள் மருமகளாக நுழைந்தவளுக்கு அந்தச் சாவி கைக்கு வரப் பாதி ஆயுள் ஆகியிருந்தது. ஒரு மணிக்கட்டு வீங்கியதற்காக அதைத் தூக்கிக் கொடுத்துவிட முடியுமா?

அம்மாவும் பிள்ளையும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த அந்தச் சமயத்தில்தான் டாக்டர் ஹம்சினி வந்து சேர்ந்தாள். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் மேல்படிப்புப் படிக்கிற பெண். சர்க்கரை வியாதி உள்ள வயசான பெண்களின் எலும்பு எவ்வளவு கரைகிறது என்பதை ரத்தத்தை வைத்தே சொல்ல முடியுமா என்று பார்ப்பது அவள் ஆராய்ச்சி. மாமல்லபுரத்தில் பெண்களைத் திரட்டித் தர யாரைப் பிடிக்கலாம் என்று கேட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரி நர்சிலிருந்து வாசலில் பூக்கட்டுகிறவள் வரைக்கும் டீச்சர் வீட்டைக் கை காட்டியிருக்கிறார்கள்.

எலும்பு கல் மாதிரி சும்மா கிடக்கிற பொருள் இல்லை என்று அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். தினமும் கொஞ்சம் கரையும், கொஞ்சம் புதிதாகக் கட்டும். வயசானால் கரைவது கூடும். கரைந்த எலும்பின் துணுக்குகள் ரத்தத்தில் மிதந்துகொண்டிருக்கும், அதை அளந்து பார்த்துவிடலாம்.

டீச்சருக்குச் சட்டென்று பிடிபட்டது. சிற்பக்கூடத்துக்குள் எட்டிப் பார்த்தால் தரையில் கிடக்கிற துகளை வைத்தே உள்ளே எவ்வளவு செதுக்கல் நடந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அதுபோலத்தானே என்று கேட்டாள். அதேதான் என்று ஹம்சினி சிரித்தாள். அந்த உவமையைத் தன் பேராசிரியரிடம் சொல்லப் போவதாகவும் சொன்னாள். டீச்சருக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று.

கிச்சாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அன்று சாயங்காலம் அவனாகவே ஒரு சமாதானத்துக்கு வந்தான்.

"அம்மா, அந்த டெஸ்ட்டை எடுத்துக்கோ. எலும்பு நன்னா இருக்குன்னு அந்த டாக்டர் சொல்லட்டும், நான் அப்புறம் வாயைத் திறக்கலை. இல்லேன்னா, தை பொறந்ததும் மதுரை. இதுல பேச்சு மாறக் கூடாது."

மாறமாட்டேன் என்று டீச்சர் ஒப்புக்கொண்டாள். ஊருக்குக் கிளம்புகிறபோது, வீட்டிலேயே விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிற சின்ன மெஷின் ஒன்றையும் வாங்கி வைத்துவிட்டுப் போனான்.

ரத்தம் எடுப்பதற்கு ஹம்சினி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். விடிந்தும் விடியாமலும் எடுக்க வேண்டும், வெறும் வயிறாக இருக்க வேண்டும். மற்ற மாதமாக இருந்தால் பெண்களை அந்த நேரத்துக்குக் கிளப்புவது பெரும்பாடு. ஆனால் மார்கழி வந்துகொண்டிருந்தது. மார்கழியில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் அத்தனை பெண்களும் இருட்டிலேயே குளித்துவிட்டுப் பெருமாள் சந்நிதியில் நிற்பார்கள். பூஜை முடிந்ததும் அப்படியே பக்கத்துக் கல்யாண மண்டபத்துக்கு அழைத்து வந்துவிடலாம் என்று டீச்சர்தான் யோசனை சொன்னாள். ஹம்சினி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள்.

குப்பத்துப் பெண்கள்தான் வருகிறபடியாக இல்லை. படகு கரைக்கு வருகிற நேரம் அது. ஏலத்தை விட்டுவிட்டு ஊசி குத்திக்கொள்ள யார் வருவார்கள்? டீச்சர் விடாப்பிடியாக ஒருத்தியை மட்டும் சம்மதிக்க வைத்தாள். அவள் பூவாயி.

பூவாயி தலைச்சுமையாக மீன் விற்கிறவள். டீச்சருக்கும் அவளுக்கும் ஆஸ்பத்திரியில் சனிக்கிழமை தோறும் சர்க்கரை மாத்திரைக்கு நிற்கிற வரிசையில் உண்டான சிநேகிதம். டீச்சர் தன் சர்க்கரையைக் குடும்ப ரகசியம் மாதிரி காதோடு சொல்வாள். பூவாயி தன்னுடையதை வரிசை முழுக்கக் கேட்கும்படி அறிவிப்பாள். தன் பக்கத்தில் உட்கார்ந்தால் கவிச்சி அடிக்கும் என்று முதல் நாள் அவள் தள்ளி உட்கார, டீச்சரும் கூடவே நகர்ந்து உட்கார்ந்தாள். அதிலிருந்து இரண்டு பேரும் பேசாத விஷயம் கிடையாது. கூடையை வழியில் எங்கேயாவது இறக்கி வைத்து இளைப்பாறக் கூடாதா என்று ஒரு தடவை டீச்சர் கேட்டாள். இறக்குவதற்கு ஒருத்தி போதும், திரும்பத் தலையில் ஏற்றுவதற்கு இன்னொரு கை வேண்டும் என்றாள் பூவாயி. அதனால் கை கொடுக்க ஆள் இல்லாத இடத்தில், தலையே போனாலும் மீன்காரி கூடையை இறக்கமாட்டாள்.

ரத்தம் எடுக்கிற நாள் எல்லாம் சொல்லிவைத்தபடி நடந்தது. பனியில் கம்பளிக் குல்லாயும் சால்வையுமாகப் பெண்கள் சந்நிதியில் நின்றார்கள். தீபாராதனை ஆயிற்று. வாசுதேவ பட்டர் வழக்கம்போல ஆளுக்கொரு தொன்னையில் பொங்கல் கொடுத்தார். நெய் மிதக்கிற பொங்கல், மிளகு வாசனை தெருக்கோடி வரைக்கும் போகும். அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பதால் சர்க்கரைப் பொங்கலும் ஒரு கரண்டி. கண்ணில் ஒற்றி, வாயில் போட்டு, கையை அலம்பிக்கொண்டு எல்லாரும் மண்டபத்துக்கு வந்தார்கள். ஹம்சினி ஒவ்வொருவரிடமும் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். காபிகூட இல்லை என்றார்கள். பச்சைத் தண்ணி பல்லில் படவில்லை என்று டீச்சரே சொன்னாள். அதைச் சொன்னபோது அவள் மனசில் எள்ளளவு கள்ளமும் இல்லை. பூவாயி கடற்கரையிலிருந்து நேராக, பசியில் கண் இருட்ட வந்து, வரிசையின் கடைசியில் நின்று கையை நீட்டினாள்.

முடிவு பத்து நாளில் வந்தது. ஹம்சினியே வீடு தேடி வந்து சொன்னாள். நம் ஊர்ப் பெண்களுக்கு இந்த அளவு இவ்வளவு இருக்கலாம் என்று தெளிவாக எந்தப் புத்தகத்திலும் கிடையாதாம், அதனால் ஒருத்தரோடு ஒருத்தரை வைத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது என்றாள். பார்த்தால் எல்லாருக்குமே கரைகிற துணுக்கு குறைவு. டீச்சருக்கும் குறைவு, எலும்பு நன்றாகவே இருக்கிறது என்றாள். பூவாயி ஒருத்திக்குத்தான் மடங்கு மடங்காக ஏறிக் கிடந்தது. அவளை இப்போதைக்குக் கனம் தூக்க வேண்டாம், விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று குப்பத்துக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

டீச்சர் அன்றைக்கே மதுரைக்குப் போன் போட்டாள். சரி, சந்தோஷம், குளியலறையில் ஒரு கம்பி மட்டும் போட்டுக்கொள் என்றான் கிச்சா. பேச்சு மாறாத பிள்ளை. போனை வைத்துவிட்டு டீச்சர் இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பூவாயியை நினைத்துப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் தன் வீட்டில் விளக்கெரிகிற சந்தோஷத்தில் அடுத்த வீட்டு இருட்டு அவ்வளவாகக் கண்ணுக்குத் தெரிவதில்லை, நல்லவர்களுக்கும்தான்.

அடுத்த சனிக்கிழமை வரிசையில் பூவாயி இல்லை. மனசு கேட்காமல் டீச்சர் ஆட்டோ பிடித்துக் குப்பத்துக்குப் போனாள்.

பூவாயி வீட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளை உட்கார்ந்த நிலையில் அதுவரை ஆஸ்பத்திரி பெஞ்சில்தான் டீச்சர் பார்த்திருக்கிறாள். மீன் சுமக்கிற அலுமினிய அன்னக்கூடையில் மருமகள் யோகேஸ்வரி துணி ஊறவைத்திருந்தாள்.

"வா டீச்சரம்மா, குந்து" என்றாள் பூவாயி. "எலும்பு கரைஞ்சிகினு கீதாம். ரோட்டுல வுயுந்து ஒடிஞ்சிப் போனா ஊரு அவனத்தான் காறித் துப்பும்னு மூர்த்தி சொல்லிட்டான். மார்க்கெட்டுல என் எடத்தையும் வேற பொம்பளைக்கு வுட்டாச்சி. சோறு போட மாட்டேன்னா சொல்றான்? நல்லாத்தான் போடறான். துன்னுட்டுத் துன்னுட்டு இங்கயே குந்திகினு கீறேன்."

மூர்த்தி அவள் மகன். டீச்சரிடம் படித்தவன்தான். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவன் டீச்சரைப் பார்த்ததும் கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு நின்றான். அம்மாவுக்கு ஒன்று ஆகிவிட்டால் தாங்கமாட்டேன் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவனைக் குட்டுவதற்கு டீச்சருக்குக் காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. கிச்சா சொன்னதைத்தான் இவனும் சொல்கிறான், இவன் பாஷையில்.

கிளம்பும்போது பூவாயி அவள் புடவை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

"காலு மரத்துப் போவுது டீச்சரம்மா. நடக்காத காலு நமக்கு இன்னாத்துக்கு?"

ஆட்டோவில் திரும்பி வருகிற வழியெல்லாம் அந்த ஊறிய துணிதான் கண்ணில் நின்றது.

அதற்குப் பிறகு வைகுண்ட ஏகாதசி வந்தது. அன்றைக்குப் பூரண உபவாசம். கோயிலில் பட்டர் நீட்டிய தொன்னையைப் பார்த்துக் கை கூப்பிவிட்டு, துளசி தீர்த்தத்தோடு வீட்டுக்கு வந்தாள். தினமும் கோயிலிலிருந்து வந்ததும் கிச்சா வாங்கிக் கொடுத்த மெஷினில் விரலைக் குத்திப் பார்ப்பது வழக்கமாகியிருந்தது. மார்கழி பிறந்ததிலிருந்து அது தாறுமாறாக ஏறித்தான் காட்டிற்று. பனிக்கு அப்படித்தான் இருக்கும், கவலைக்கு அப்படித்தான் இருக்கும் என்று அவளாக ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஏகாதசியன்று அது மளமளவென்று இறங்கியிருந்தது.

மெஷின் கெட்டுவிட்டதோ என்று வேறு விரலில் குத்தினாள். அதே அளவு. டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம்? அதே பனி, அதே கவலை, அதே மாத்திரை. நேற்று ஒரு தொன்னை பொங்கல். இன்றைக்கு அது இல்லை.

பெருமாள் பிரசாதத்தைச் சாப்பாட்டுக் கணக்கில் வைக்கிற வழக்கம் அவள் வம்சத்திலேயே கிடையாது. சாப்பாடு என்றால் இலை போட வேண்டும், பரிமாற வேண்டும். பிரசாதம் அனுக்கிரகம், அதை யாராவது சாப்பிட்டேன் என்று சொல்வார்களா? காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை என்று சந்நிதித் தெரு முழுக்கச் சொன்னது அத்தனையும் சத்தியம். அத்தனை வயிற்றிலும் நெய்ப்பொங்கல் இருந்ததும் சத்தியம். அன்றைக்கு ஹம்சினி கேட்ட வெறும் வயிற்றோடு வந்தவள் ஊரிலேயே ஒருத்திதான். அவள் இப்போது வாசலில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

டீச்சருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. இதைச் சொன்னால் மறுபடியும் ரத்தம் எடுப்பார்கள். மறுபடியும் எடுத்தால் தன் அளவு என்ன ஆகும்? விழுந்தபோது அடிபட்ட மணிக்கட்டு பனிக்கு இன்னமும் குடைகிறது. பதில் அவள் எலும்புக்கே தெரிந்திருந்தது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கிச்சாவும் ஒத்துக்கொண்டாயிற்று. பொங்கல் சாப்பிட்டால் எலும்புக் கணக்கு மாறும் என்று டாக்டரா சொன்னாள், நாமாகக் கற்பனை பண்ணிக்கொள்கிறோமோ என்றுகூட ஒரு நாள் பூராவும் தனக்குத்தானே வாதாடிப் பார்த்தாள். மறுநாள் துவாதசி. உபவாசம் முடிக்கிற பாரணைக்குச் சமைத்து இலையில் உட்கார்ந்தவள் முதல் கவளத்தை இலையிலேயே போட்டாள். அப்படியே கையை உதறிக்கொண்டு எழுந்து செங்கல்பட்டு பஸ் ஏறினாள்.

ஹம்சினி சோதனைக்கூடத்தில் இருந்தாள். டீச்சர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கேட்கக் கேட்க அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிப்போயிற்று. பாவம், பனியில் பஸ் ஏறி, மடியில் ஐஸ் பெட்டியை வைத்துக்கொண்டு அவள் எடுத்துப் போன ரத்தம் அத்தனையும் வீண்.

"சாப்பிட்டா அந்தத் துணுக்கு ரத்தத்துல குறைஞ்சுடும் டீச்சர்" என்றாள் கடைசியில். "கொஞ்ச நேரத்துக்கு எலும்பு கரையறது அடங்கும். அதனாலதான் வெறும் வயிறு கேட்டேன். சாப்பிட்டீங்களான்னு கேட்டேனே தவிர, வாயில என்ன போட்டீங்கன்னு கேட்கத் தெரியலை எனக்கு. பூவாயிக்கு ஏறலை. உங்க எல்லாருக்கும் இறங்கியிருக்கு. அவங்களைப் போய் உட்கார வெச்சுட்டேனே."

அவள் கண் கலங்கியதைப் பார்த்து டீச்சர் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். பிறகு இருவரும் உட்கார்ந்து மறுபடி எடுப்பதற்கு ஏற்பாடு பேசினார்கள். இந்தத் தடவை ரத்தத்தை மட்டும் நம்பாமல், சந்தேகம் உள்ளவர்களுக்குச் செங்கல்பட்டில் எலும்பு ஸ்கேனும் எடுத்துவிடுவது என்று முடிவாயிற்று.

வாசுதேவ பட்டரிடம் டீச்சரே போய்ப் பேசினாள். பிரசாதத்தை மறுக்கச் சொல்லவில்லை, கொஞ்சம் தாமதிக்கத்தான் கேட்கிறோம் என்றாள். அவர் மோவாயைத் தடவினார். பெருமாள் எத்தனையோ யுகம் காத்திருக்கிறார், இவர்கள் ஊசி குத்திக்கொள்கிற வரைக்கும் காத்திருக்கமாட்டாரா என்று சொல்லி, பொங்கல் தவலையை அன்றைக்கு மண்டபத்துக்கே அனுப்பச் சம்மதித்தார். ரத்தம் கொடுத்தவர்களுக்கு ஒவ்வொரு தொன்னையாகக் கொடுக்கிற பொறுப்பை, பொறுப்பான ஆள் என்று டீச்சர் தலையிலேயே கட்டினார்.

அதுதான் வினையாயிற்று.

மண்டபத்துக்குப் பின்கட்டில் தவலையோடு அவள் தனியாக நின்றாள். மூடியைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. ஹம்சினியும் மற்ற பெண்களும் முன்பக்கம். இங்கே எட்டிப் பார்க்க ஆள் இல்லை. ஒரு கரண்டி. ஒரே ஒரு கரண்டி வாயில் போட்டால், கொஞ்ச நேரம் கழித்துப் போய்க் கையை நீட்டினால், தன் கணக்கு இறங்கிவிடும். பூவாயிக்கும் எந்தக் கெடுதலும் வராது, மற்றவர்கள் எல்லாரும் இன்றைக்கு வெறும் வயிறுதானே. வீடு நிலைக்கும், சாவி நிலைக்கும். பிரசாதம் சாப்பாடில்லை என்று பிறந்ததிலிருந்து நம்பியவளுக்கு அது பொய்கூட இல்லை. கரண்டி எப்போது கைக்கு வந்தது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

வாசல் பக்கம் பூவாயியின் குரல் கேட்டது. ஊருக்கே கேட்கிற அதே குரல்தான், ஆனால் அதில் பழைய தெம்பு இல்லை. இன்றைக்கும் ஒன்றும் சாப்பிடவில்லையா என்று ஹம்சினி கேட்டிருப்பாள் போலிருக்கிறது.

"வவுறு காலி தாயி. வெத்தல பாக்குகூடப் போடல. டீச்சரம்மா சொல்லிச்சி, அதான் வந்தேன்."

டீச்சர் கரண்டியைத் தவலைக்குள் வைத்து மூடினாள். ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் ஆயுசு பூரா வரிசை தாண்டாதவள், அன்றைக்கு எல்லாரையும் விலக்கிக்கொண்டு முன்னால் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னோடதை முதல்ல எடுத்துடும்மா. நேரமானா என்னை நானே நம்ப மாட்டேன்."

ஹம்சினி உடனே அவள் கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள். அதற்குப் பிறகு டீச்சர் பின்கட்டுக்குப் போய், வந்தவர்களுக்கெல்லாம் தொன்னை நிரப்பினாள். கடைசியாக வந்த பூவாயியும் அவளும் படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாப்பிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும், இனி அவளுக்கு அந்த விஷயத்தில் குழப்பமில்லை.

இரண்டாவது முடிவில் ஊர்ப் பெண்கள் அத்தனை பேருக்கும் அளவு ஏறியிருந்தது. பூவாயி அந்தக் கூட்டத்தில் எங்கோ கீழே இருந்தாள். ஸ்கேனும் அதையே சொன்னது. அவளுக்குச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் போதும், நடக்கலாம், சுமக்கலாம். எல்லாருக்கும் மேலே, உச்சியில் இருந்தது சௌந்தரவல்லி டீச்சருடைய அளவு. வாழ்க்கையில் முதல் மதிப்பெண் வாங்கி அவள் இப்படி வருத்தப்பட்டதில்லை. அவளுடைய ஸ்கேனும் தயவு காட்டவில்லை. இடுப்பெலும்பு மெலிந்துபோயிருந்தது. வாரம் ஒரு மாத்திரை, அதுவும் வெறும் வயிற்றில், என்று ஹம்சினி எழுதிக் கொடுத்தாள். டீச்சர் சிரித்துவிட்டாள், வேறு என்ன செய்வது.

போனை அவளேதான் போட்டாள். கிச்சா பதறிக்கொண்டு வந்து சேர்ந்தான். முழுக் கதையையும் கேட்டபிறகு அவனுக்கு ஒன்றுதான் புரியவில்லை. முதல் ரிப்போர்ட்டோடு பேசாமல் இருந்திருக்கலாமே, இவ்வளவு ஆசையை வைத்துக்கொண்டு எதற்காக வலியப் போய்ச் சொன்னாய் என்று கேட்டான். அவள் புடவைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே, தான் சாப்பிட்ட தொன்னைக்குப் பூவாயி பட்டினி கிடந்தாள் என்று மட்டும் சொன்னாள். அவனுக்கு அது விளங்கவில்லை. அவள் விளக்கவும் இல்லை.

பொங்கல் கழிந்து ஒரு காலையில், செங்கல்பட்டில் மதுரை ரயிலைப் பிடிக்க வாடகைக் கார் வந்தது. டீச்சர் வீட்டைப் பூட்டி, சாவியைக் கிச்சாவிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொள்ளவில்லை, நீயே வைத்துக்கொள் என்றான். அவள் அதைப் பழையபடி இடுப்பில் செருகிக்கொண்டாள். சாவி இருந்தது. அதைப் போட்டுத் திறக்கிற வாசல்தான் பின்னால் போய்க்கொண்டிருந்தது. டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள்.

திருக்கழுக்குன்றம் சாலையில் கொஞ்ச தூரம் போனதும், ஓரமாகப் பூவாயி போய்க்கொண்டிருந்தாள். தலையில் அன்னக்கூடை, தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. கழுத்து நேராக, இடுப்பு ஒடிய, பின்னால் வருகிற பஸ்ஸுக்கும் வழி விடாத அந்தப் பழைய நடை. டீச்சர் காரை நிறுத்தச் சொன்னாள்.

காரிலிருந்து எட்டிப் பார்த்த முகத்தைக் கண்டதும் பூவாயி நின்றாள். அக்கம் பக்கத்தில் கை கொடுக்க ஒரு ஆள் கிடையாது. இரண்டு பக்கமும் வெறும் வயல். அவள் அதையெல்லாம் பார்க்கவில்லை. முழங்காலை மடக்கி, நிறைகூடையைத் தரையில் இறக்கி வைத்துவிட்டுக் கார் ஜன்னலுக்கு வந்தாள்.

"போய்ட்டு வா டீச்சரம்மா. சனிக்கெழம வரிசைல உன் எடத்துல எவளையும் நிக்க வுடமாட்டேன்."

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கிச்சா கடிகாரத்தைப் பார்த்தான். பூவாயி திரும்பிப் போய்க் கூடைக்கு முன்னால் குனிந்தாள், விளிம்பைப் பிடித்தாள், அப்போதுதான் அவளுக்கே நினைவு வந்தது போலச் சுற்றிலும் பார்த்தாள்.

டீச்சர் கார்க் கதவைத் திறந்து இறங்கினாள். கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதைக் கிச்சா பின்னாலிருந்து கத்திச் சொல்வதற்குள் அவள் கூடையின் மறுபக்கத்தில் கை வைத்துவிட்டாள். மீனைத் தொட்டறியாத கை. ஐஸ் தண்ணீர் விரலில் வழிந்தது.

"கிச்சா, இங்க வா. ஒரு கை கொடு."

அவன் இஸ்திரி போட்ட சட்டையோடு கொஞ்சம் தயங்கினான். அம்மாவின் மெலிந்த மணிக்கட்டையும் அந்தக் கனமான கூடையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு ஓடி வந்து, அம்மாவின் கையை மெதுவாக விலக்கிவிட்டு, விளிம்பைப் பிடித்து ஒரு மூச்சில் தூக்கினான். பூவாயி சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு தலையைக் கொடுத்தாள். கூடை உட்கார்ந்தது. அவள் நிமிர்ந்தாள், திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். தலையில் கூடையோடு திரும்ப முடியாது என்று டீச்சருக்குத் தெரியும்.

கிச்சாவின் சட்டை மார்பெல்லாம் மீன் தண்ணீர். அவன் கையைத் துடைக்கவில்லை. காரில் ஏறி உட்கார்ந்து, அம்மாவின் ஈரக் கையைத் தன் ஈரக் கையில் எடுத்து வைத்துக்கொண்டான். ஏன் சொன்னாய் என்று அதற்கப்புறம் அவன் கேட்கவில்லை. செங்கல்பட்டு வரைக்கும் கார் முழுக்கக் கவிச்சி வாசனை. யாரும் கண்ணாடியை இறக்கவில்லை.